ஆறாவது மாட்டின் டப்பா

இறைச்சிக்கூடத்தில் எல்லோரும் அவரை 'டப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது; வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. பெயர்க்காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு கம்பு, கம்பின் நுனியில் ஒரு வளையம், வளையத்துக்குள் மூடி கழற்றிய பிளாஸ்டிக் டப்பா. அதைப் பிடித்துக்கொண்டு, அறுப்புக்கு வந்த மாடு எப்போது மூத்திரம் பெய்யும் என்று அதன் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. பதினோரு வருடமாக நிற்கிறார். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த டப்பாவில் விழுவதை வைத்துத்தான் ஒரு கூட்டம் மாடு உள்ளே போகலாமா கூடாதா என்று முடிவாகும்.

விஷயம் இதுதான். சில புண்ணியவான்கள் மாட்டுத் தீவனத்தில் மருந்து கலந்து விடுகிறார்கள். கொழுப்பு வற்றி, சதை ஏறி, மாடு பார்க்க ஜம்மென்று இருக்கும். அந்தக் கறியைச் சாப்பிடுகிறவனுக்குத்தான் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஏற்கெனவே இதயம் பலவீனமானவன் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். அதனால் மூத்திரத்தில் சில சொட்டு எடுத்து ஒரு சின்ன அட்டையில் விட்டுப் பார்ப்பார்கள். பத்தே நிமிடம். அட்டையில் பட்டை பட்டையாக இருக்கும், ஒரு பட்டைக்கு ஒரு மருந்து. கர்ப்பம் பார்க்கும் அட்டைக்கு இது நேர் தலைகீழ். மேல் கோடு எப்படியும் வரும். அட்டை கெட்டுப்போகவில்லை என்பதற்கு அது அடையாளம். கீழ்க் கோடும் வந்துவிட்டால் மாடு சுத்தம். கீழே கோடு வராமல் வெள்ளையாகக் கிடந்தால் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே அந்த அட்டையைப் பார்க்கிற எல்லோரும் கோடு வரட்டும், கோடு வரட்டும் என்றுதான் மனதுக்குள் முணுமுணுப்பார்கள்.

அன்று காலை ஏழரைக்கு இரண்டு லாரிகளில் முப்பத்திரண்டு காளைகள் வந்து இறங்கின. வளர்த்தவர் அறுபது தாண்டிய ஒரு அம்மாள். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்கள் போடுகிற ஓலைத்தொப்பி ஒன்று தலையில் இருக்கும். அதனால் அவர் தொப்பியம்மா. மற்றவர்கள் தரகரை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பார்கள்; தரகர் நாலு வீட்டு மாட்டை ஒரே லாரியில் கலந்து ஏற்றி வருவார். இவர் மட்டும் லாரியிலேயே கூட வந்து, கேட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, வேலை முடிந்த பிறகுதான் எழுந்திருப்பார்.

முப்பத்திரண்டுக்கு ஆறு மாட்டிடம் மாதிரி எடுக்க வேண்டும். ஐந்து மாடுகள் எட்டே காலுக்குள் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டன. ஆறாவது ஒரு கறுப்புக் காளை. லாரியில் வந்த மிரட்சி அதற்கு இன்னும் போகவில்லை. டப்பா ஈரத்துணியால் அடிவயிற்றைத் தடவினார். குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் காட்டினார். விசிலடித்தார். டப்பா விசிலடித்தால் பக்கத்தில் நிற்கிற ஆட்களே ஒதுங்கப் போய்விடுவார்கள் என்று ஒரு கேலி உண்டு. காளை மட்டும் கல்லுப்பிள்ளையாராட்டம் நின்றது.

ஒன்பதரை ஆகிவிட்டது. உள்ளே கத்தியும் கையுமாக நாற்பது பேர் சும்மா நிற்கிறார்கள் என்று ஒலிபெருக்கி மூன்று தடவை சொல்லிவிட்டது. மூன்றாவது தடவை அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னது.

டப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். மாடு செய்யாததைத் தானே செய்தார். மூடியில் ஆறு என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

இது முதல் தடவை இல்லை. ஐந்து வந்து ஒன்று மட்டும் அடம்பிடிக்கிற அவசர நாட்களில் கைவசம் இருந்த சுலபமான வழி இது. ஐந்து சுத்தமாக இருந்தால் ஆறாவதும் சுத்தமாகத்தானே இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சோம்பேறித்தனம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார், சாமர்த்தியம் என்பார். ஒரு தடவைகூட வில்லங்கம் வந்ததில்லை. எப்படி வரும்? காய்ச்சல் வந்தால்கூடக் கஷாயத்தோடு சமாளிக்கிற மனிதர், எந்த மருந்தும் தொடாதவர். மூன்று வாரத்துக்கு முன்பு வரைக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் நெஞ்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கொட்டிலின் தூசியும் சாண வாடையும் வேலையைக் காட்டிவிட்டன. இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், காலை ஒன்று மாலை ஒன்று. இது வேலை செய்கிற இடத்தில் யாருக்கும் தெரியக் கூடாது. வருடாந்திரப் பரிசோதனையில் மூச்சுக் கோளாறு என்று எழுதிவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. மாத்திரை அட்டையை அந்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டிலேயே சுற்றிச் சட்டையின் உள்பையில் வைத்திருந்தார். மனைவிக்கு மட்டும் தெரியும்.

பத்து மணிக்கு டாக்டரம்மா ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார். கொட்டிலை ஒட்டிய சின்ன அறை அவருடையது: ஒரு மேசை, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு அலாரக் கடிகாரம், சுவரோரம் கோப்புகள். கால்நடை மருத்துவர், முப்பத்தைந்து வயது இருக்கும், குரலை உயர்த்தவே மாட்டார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கறி வெளியே போகும்.

“அண்ணே, ஆறாம் நம்பர் அந்தக் கறுப்புக் காளைதானே?”

“ஆமா டாக்டர்.”

“மூத்திரம் கொஞ்சம் வெளிறிப்போய் இருந்துச்சு.”

“வண்டில வந்த மாடு. தண்ணி நெறையக் குடிச்சிருக்கும்.”

டாக்டரம்மா அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று பட்டைகள் இருந்தன. டப்பாவுக்குத் தெரிந்த அட்டையில் இரண்டுதான். மாதப் பிறப்பில் புதிய அட்டை வந்ததும் அதில் ஒரு மருந்து கூடியிருப்பதும் அவருக்குத் தெரியாது. அவர் வேலை டப்பாவைக் கொடுப்பதோடு சரி. முதல் பட்டையில் இரண்டு கோடு. அடுத்ததிலும் இரண்டு. மூன்றாவதில் மேலே ஒன்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

“ரெண்டு தடவை பாத்துட்டேன். வேற அட்டை போட்டும் பாத்துட்டேன். இதேதான்.”

“மூணாவது என்ன மருந்து டாக்டர்?”

“மனுஷங்களுக்குக் குடுக்கறதுதான். மூச்சு இழுப்பு வந்தா சாப்பிடுவாங்க. மாட்டுக்கு அள்ளிப் போட்டா சதை ஏறும்.” டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். “தொப்பியம்மா இப்படிப் பண்ணுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல.”

டப்பாவின் உள்பையில் இருந்த காகிதப் பொட்டலம் திடீரென்று ஒரு செங்கல் கனம் கனத்தது. கை தானாக அங்கே போகப் பார்த்தது. அதை இழுத்துப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அந்த மாட்டுகிட்ட மறுபடியும் எடுத்துப் பாக்கலாமே டாக்டர்,” என்றார் கடைசியில்.

“விதி தெரியாத மாதிரி கேக்கறீங்களே. மறுபடி எடுக்கற இடைவெளில வாளி வாளியா தண்ணி குடிக்க வெச்சிடுவாங்கன்னுதான் அதை நிறுத்தினாங்க. அதே பாட்டில்ல ரெண்டு தடவை பாக்கணும். ரெண்டும் வெள்ளைன்னா அவ்வளவுதான். மிச்சத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பறேன். அவங்க பதில் போட பதினைஞ்சு நாள் ஆகும்.”

“அதுவரைக்கும் காளைங்க?”

“நாலு மணிக்கு,” என்றார் டாக்டரம்மா.

நாலு மணிக்கு என்ன என்று டப்பாவுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்றில் மருந்து இருந்தால் கூட வந்த கூட்டம் மொத்தமும் போகும். பின்பக்கத்துக் குழியில் தள்ளி எரித்துவிடுவார்கள். வளர்த்தவரின் லைசென்ஸ் ரத்தாகும், வழக்கும் வரும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு தடவை நடந்தது. அந்த வாடை ஒரு வாரம் துணிமணியை விட்டுப் போகவில்லை.

தொப்பியம்மாவிடம் டாக்டரம்மாவே நேரில் போய்ச் சொன்னார். டப்பா பத்தடி தள்ளி நின்றார், ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல். அந்த அம்மாள் அழவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். தலைமுடி அந்த அளவுக்கு நரைத்திருப்பது டப்பாவுக்கு அன்றுதான் தெரிந்தது. டாக்டரம்மா திரும்பிப் போன பிறகு அந்த அம்மாள் அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்கதானே பிடிச்சீங்க?”

“ஆமாம்மா.”

“அந்தக் காளையோடதுதானா? வேற எதுவும் மாறிப்போயிருக்குமா? ஒரு கையில பல வேலை பாக்கறீங்க, அதான் கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. தீவனம் நானே என் கையால கலந்து போட்டது. அதுல வேற எதுவும் கிடையாது.”

தப்பிக்க ஒரு கதவு அங்கே திறந்தது. மாறியிருக்கலாம் என்ற ஒரு சொல் போதும். ஆனால் மாறியிருக்கலாம் என்றால் எப்படி மாறியது என்று கேட்பார்கள், எதோடு மாறியது என்று கேட்பார்கள், கேள்வி நூல் பிடித்தாற்போல அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்து நிற்கும்.

“மாறலம்மா,” என்றார் டப்பா.

சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் மனைவிக்கும் அங்கேயேதான் வேலை, சலவைப் பகுதியில். ரத்தக்கறை படிந்த மேலங்கிகளைக் கொதிக்கக் கொதிக்கத் துவைத்து எடுக்கிற இடம். மெஷின்களின் இரைச்சலில் காதருகே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்தது. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். மெஷினைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“கடைசில உங்களைக் காளைன்னு எழுதிட்டாங்களா? அதுவும் மருந்து போட்டு வளத்த காளைன்னு?”

அவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தை நன்றாகப் பார்த்த பிறகு அவள் சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“அந்த முப்பத்திரண்டும்?”

“நாலு மணிக்கு.”

“நீங்க சொல்லிட்டா?”

“வேலை போகும். வேலை மட்டும் போனாப் பரவால்ல. மாதிரியை மாத்தினா கேஸ். உள்ள வெச்சிடுவாங்க.”

“அப்போ சொல்லாதீங்க,” என்றாள் சட்டென்று. இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். புருஷன் ஜெயிலுக்குப் போகட்டும் என்று எந்தப் பெண்தான் சொல்வாள். ஒரு மேலங்கியை எடுத்து உதறினாள், மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “அந்தம்மா எங்க இருக்காங்க?”

“கேட்டுகிட்ட பெஞ்சுல.”

“சாப்பிட்டாங்களா?”

“தெரியல.”

அவள் அலமாரியிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். “குடுத்துட்டு வாங்க,” என்றாள். அதற்கு மேல் அவரைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டை வாங்கிக்கொண்டாரே தவிர, கேட்டுப் பக்கம் போகக் கால் வரவில்லை. கொட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார். பின்பக்கத்தில் இரண்டு பேர் டீசல் பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்கள், நேரத்தோடு வேலையை முடிக்க வேண்டுமே என்கிற அலுப்பு அவர்கள் முகத்தில் இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் முப்பத்திரண்டு காளைகளும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. சில படுத்து அசைபோட்டன. லாரி மிரட்சி தெளிந்துவிட்டது போல.

அப்போதுதான் அது நடந்தது. கறுப்புக் காளை காலை அகட்டி வைத்துக்கொண்டது. பிறகு சிமெண்டுத் தரையில் சலசலவென்று பெய்தது. நிற்காமல் பெய்தது. காலையில் ஒரு துளிக்கு ஒன்றேகால் மணி நேரம் கெஞ்ச வைத்த காளை, இப்போது வாளிக் கணக்கில் விட்டது. தொப்பியம்மா தீவனத்தில் எதுவும் கலக்கவில்லை என்பதற்கான சாட்சி முழுவதும் அவர் கண்ணெதிரே ஓடி, ஓரத்துச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. டப்பாவின் கை பழக்கதோஷத்தில் முன்னால் நீண்டது. கையில் இருந்தது மனைவியின் சாப்பாடு.

கடைசிச் சொட்டு விழும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். காளை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இழுப்போடேயே டாக்டரம்மாவின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார். இன்னும் ஒரு நிமிடம் யோசித்தால் போக மாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

“டாக்டர், ஆறாம் நம்பர் அந்தக் காளையோடது இல்ல.”

“வேற எதோடது?”

“என்னோடது.”

டாக்டரம்மா பேனாவை மூடி மேசையில் வைத்தார். அவரை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். திட்டுவார், கத்துவார் என்று டப்பா எதிர்பார்த்திருந்தார். அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்துதான் வந்தது.

“தொப்பியம்மா உங்களுக்கு என்ன குடுத்தாங்க?”

உண்மையைச் சொன்னால் என்னென்ன கெடுதல் வரும் என்று காலையிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த டப்பா, நம்பவே மாட்டார்கள் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

“ஒண்ணும் குடுக்கல டாக்டர். சத்தியமா.”

“கையில என்ன?”

“சாப்பாடு. அந்தம்மாவுக்கு. என் சம்சாரம் குடுத்தனுப்பினா.”

“ஓ. வீட்டுச் சாப்பாடு போற அளவுக்குப் பழக்கமா?”

டப்பா அவசர அவசரமாக உள்பையைத் துழாவி, காகிதத்தைப் பிரித்து மாத்திரை அட்டையை மேசையில் வைத்தார். டாக்டரம்மா அதைத் தொடாமல் குனிந்து பெயரைப் படித்தார்.

“எதிர்லயே மருந்துக்கடை இருக்கு. பத்து மணிக்கு நான்தான் உங்ககிட்ட இது என்ன மருந்துன்னு சொன்னேன். இப்போ ரெண்டரை.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அண்ணே, உங்களை எனக்கு நாலு வருஷமாத் தெரியும். அந்தம்மாவைப் பாத்துப் பாவப்பட்டு ஏதோ கதை கட்டறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் காதுல வாங்கலன்னு வெச்சுக்கறேன். நீங்களும் போய் வேலையைப் பாருங்க.”

அன்று அவருக்குத் திறந்த இரண்டாவது கதவு இது. முதலாவதைவிட அகலமானது. பாவம் பார்த்துச் சொல்லிவிட்டேன் டாக்டர், மன்னிச்சிடுங்க. இவ்வளவு சொன்னால் போதும். வேலையும் இருக்கும், நல்ல மனுஷன் என்ற பெயரும் கிடைக்கும்.

“என்னையே டெஸ்ட் பண்ணுங்க,” என்றார்.

டாக்டரம்மா எழுந்து ஒரு புது டப்பாவை உறையிலிருந்து பிரித்துக் கொடுத்தார். மேலங்கியையும் சட்டையையும் கழற்றி வைக்கச் சொன்னார். பனியனோடு கழிவறைக்குள் போனவருக்குப் பின்னால் கதவை அவரே சாத்திவிட்டு வெளியே நின்றார்.

இனி நடந்ததை அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை. வரவில்லை. ஒரு துளி வரவில்லை. காலையிலிருந்து குடித்த தண்ணீர் எங்கே போனதோ. அடிவயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டார், பல்லைக் கடித்தார், உதட்டைக் குவித்துப் பார்த்தார். மூச்சு இழுப்பில் விசிலும் வரவில்லை. பதினோரு வருடமாக மாடுகளை அதட்டி, தட்டி, சனியனே பெய்யேன் என்று திட்டியவர். பயந்த உடம்பு எதையும் விடாது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கைக்கெட்டுகிற தூரத்தில் குழாய் இருந்தது. கைகழுவும் தொட்டியின் குழாய். சத்தம் வராமல் திறக்கலாம். டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் பிடித்தால் அட்டையில் எல்லாக் கோடும் வரும். நான் அப்பவே சொன்னேன்ல, போங்க அண்ணே என்பார் டாக்டரம்மா. டப்பா நிஜமாகவே உண்மையைச் சொல்லிப் பார்த்தவர் ஆகிவிடுவார். நம்பாதது அடுத்தவர் குற்றம். கை குழாய் வரைக்கும் போய்விட்டது. குழாயின் குளிர்ச்சி விரலில் பட்டது. அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பிடித்துக் கொடுப்பது அவருக்குப் புதிதா என்ன.

“அண்ணே, மூணாகப் போகுது,” என்றது வெளியிலிருந்து குரல்.

டப்பா கையை எடுத்தார். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் குழியில் இறங்கப் போகும் காளைகளை நினைத்தார், மடியில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறவரை நினைத்தார். எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது. அழுகையோடு மற்றதும் வந்தது.

அட்டையில் சொட்டு விட்டதும் டாக்டரம்மா கடிகாரத்தைத் திருகி வைத்தார். இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஈரம் பட்டைகளில் மெதுவாக ஏறியது. முதல் பட்டையில் இரண்டு கோடு. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் மேல் கோடு எழுந்தது.

வரக் கூடாது, வரக் கூடாது என்று டப்பா உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கோடு வரக் கூடாது என்று அந்த அறையில் யாரும் இதுவரை வேண்டிக்கொண்டதில்லை. காலை ஆறு மணிக்குச் சாப்பிட்ட மாத்திரை. இத்தனை நேரத்தில் உடம்பு அதைக் கரைத்து வெளியே தள்ளியிருந்தால்? ஒரு கணம் கீழே இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஈரம் காய்ந்ததும் அந்த நிறமும் போனது. கடிகாரம் அடித்தபோது மூன்றாவது பட்டையின் கீழ்ப்பாதி துவைத்த துணியாட்டம் வெள்ளையாக இருந்தது.

டாக்டரம்மா மாத்திரை சுற்றிவந்த சீட்டை விரித்து, அதில் இருந்த மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியைப் படித்தார். பிறகு போனை எடுத்தார். “குழி வேலையை நிறுத்துங்க. ஆமா, நான்தான் சொல்றேன். காளைங்க இன்னிக்கு இங்கயே இருக்கட்டும். காலைல நானே நின்னு மாதிரி எடுக்கறேன். அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிடுங்க, மொதல்ல அதைச் செய்ங்க.”

டப்பாவுக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்து போலீசுக்குப் போன் போகும் என்று தெரிந்தும் அப்படித்தான் இருந்தது. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா போனை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

“அண்ணே. இதுக்கு முன்னாடி?”

இல்லை, இதுதான் முதல் தடவை என்று சொன்னால் இன்றைக்கு அவர் நம்புவார். இன்றைக்கு எதைச் சொன்னாலும் நம்புவார்.

“உண்டு,” என்றார் டப்பா.

“எத்தனை?”

“எண்ணல டாக்டர்.”

“உத்தேசமா?”

“மாசத்துக்கு ஒண்ணு. சில மாசம் ரெண்டு.”

“பதினோரு வருஷமா?”

அவர் தலையை ஆட்டினார். டாக்டரம்மா சுவரோரக் கோப்புகளைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் சுத்தம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தது. கடைசி நாலு வருடத்துக் கையெழுத்து அவருடையது.

“அப்படி விட்ட மாடுங்க எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? நிக்கும்போது நடுங்குச்சா? காரணம் இல்லாம வேர்த்துக் கொட்டுச்சா?”

டப்பா யோசித்தார். யோசிக்க யோசிக்க ஒவ்வொரு மாடாக வந்து நின்றது. காலை அகட்டி நின்ற செவலை. மூச்சிரைக்க நின்ற ஒரு ஜோடி. பின்தொடை இரண்டும் உருண்டு திரண்டு, பார்க்க ஜம்மென்று இருந்த போன மாதத்துக் காளை. கையை வைத்தபோது அதன் தோல் முழுவதும் துள்ளிக்கொண்டிருந்தது.

“சிலது நடுங்குச்சு,” என்றார். “லாரில வந்த பயம்னு நெனச்சேன்.”

டாக்டரம்மா ஒரு கோப்பை இழுத்துத் திறந்தார், மறுபடி மூடினார். வெளியே ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டது. பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வெள்ளிக்கிழமை ஸ்டாஃபுக்குப் பங்கு குடுக்கறாங்கல்ல. நம்ம இடத்துக் கறி, டெஸ்ட் பண்ணினதுன்னு தைரியமா எடுத்துட்டுப் போவேன். என் பொண்ணுக்கு மூணு வயசு. அதைத்தான் குழைய வேகவெச்சு ஊட்டறேன்.”

டப்பா மேசையில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். மூன்று வாரமாகத்தான் அதைச் சாப்பிடுகிறார். மனைவியோ ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது என்று போன வருடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்லயும் அதுதான் டாக்டர்,” என்றார்.